ஏழை வீட்டுக்குப் போன பணம் இருபது வருடம் கழித்து எங்கே இருக்கிறது?

"அரசாங்கங்கள் ஏழைக் குடும்பங்களுக்குக் கையில் பணம் கொடுக்கின்றன, இலவசமாக மருத்துவம் பார்க்கின்றன. பத்து இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அந்தக் குடும்பங்கள் மேலே வந்திருக்கின்றனவா? இல்லை, பணம் நின்றதும் பழைய நிலைமைக்கே திரும்பிவிடுகின்றனவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணமாக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆளாக, அதாவது பிள்ளைகளின் படிப்பாகவும் உடல்நலமாகவும், மிஞ்சுவது நிறைய. ஆனால் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி மிஞ்சுவதில்லை. அந்த உதவி வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளைக்கு என்ன வயது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தாயின் வயிற்றில் இருப்பதிலிருந்து இரண்டு வயது வரை ஒரு காலம். தொடக்கப் பள்ளி முடிந்து, மேலே படிப்பதா வேலைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு எழும் பதினொன்று, பன்னிரண்டு வயது இன்னொரு காலம். இந்த இரண்டிலும் வந்த உதவியின் தடம் இருபது வருடம் ஆனாலும் தெரிகிறது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு மெக்சிகோவிலிருந்து தொடங்க வேண்டும்.

1990களின் நடுவில் மெக்சிகோ பொருளாதார நெருக்கடியில் சிக்கியது. அதுவரை ஏழைகளுக்கென்று அரசு செலவழித்ததில் பெரும்பகுதி டார்ட்டியா என்ற சோள ரொட்டி, பால் இவற்றின் மீதான மானியம். அது நகரத்துக்காரர்களுக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது. மலைக் கிராமத்தில் சொந்தச் சோளத்தை அரைத்துத் தின்பவருக்குக் கடை டார்ட்டியாவின் மானியத்தால் என்ன பயன்? நிதியமைச்சகத்தில் இருந்த சாண்டியாகோ லெவி என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும், மானியத்தைக் குறைத்துப் பணத்தை நேரடியாகத் தாய்மார் கையில் கொடுக்கலாம் என்றார்கள். 1997-ல் 'ப்ரொக்ரேசா' என்ற பெயரில் திட்டம் தொடங்கியது. பிறகு ஆட்சிகள் மாறியபோது 'ஓப்போர்த்துனிதாதெஸ்', 'ப்ரோஸ்பெரா' என்று பெயரும் மாறி, 2019-ல் முடிவுக்கு வந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம். வாங்குவது தாய். மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். பதிலுக்குப் பிள்ளை 85% நாட்களாவது பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். குடும்பம் முழுவதும் குறித்த தேதிகளில் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், தாய் அங்கே நடக்கும் உடல்நலக் கூட்டத்தில் உட்கார வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரும்பு, துத்தநாகம் சேர்த்த கஞ்சி மாவும் உண்டு. பணமும் மருத்துவமும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருந்தன.

எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போக வசதி இல்லை. அதனால் 506 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் 320 ஊர்களுக்கு 1998-லேயே கொடுத்தார்கள். மீதி 186 ஊர்களுக்கு 1999 கடைசியில். ஏறக்குறைய பதினெட்டு மாத வித்தியாசம். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதினெட்டு மாதம்தான் பின்னால் பெரிய பாடமாகிறது.

முதல் சில வருடங்களிலேயே பலன் தெரிந்தது. நடுநிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் அதிகமானார்கள். குழந்தைகள் நோயில் விழுவது குறைந்தது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைகள் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள்.

ஒரு சென்டிமீட்டர்தானா என்று தோன்றும். அங்கன்வாடியில் குழந்தையை அளப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்துத்தான் அளப்பார்கள். ஒருவர் தலையைப் பலகையின் மேல்முனையில் ஒட்டிப் பிடிப்பார், இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்தி, பாதத்துக்கு அடியில் நகரும் கட்டையைக் கொண்டுவருவார். குழந்தை வீறிட்டு அழும். அந்த ஒரு விநாடியில் எண்ணைப் படிக்க வேண்டும். அந்த வயதில் வளராமல் விட்ட சென்டிமீட்டரைப் பிற்பாடு பிடிப்பது மிகக் கடினம், மூளை வேகமாக வளர்வதும் அதே மாதங்களில்தான். எலும்பில் தெரியும் குறை, கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் இருக்கும். அதனால்தான் அந்த ஒரு சென்டிமீட்டரைப் பார்த்து ஆய்வாளர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

சரி, இருபது வருடம் கழித்து? முன்னால் வாங்கிய ஊர், பின்னால் வாங்கிய ஊர் இரண்டுக்கும் கடைசியில் திட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினெட்டு மாதம்தான் வித்தியாசம். அது எப்போதோ கரைந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு தேடிப்போய்ப் பார்த்தபோது, முன்னால் வாங்கிய ஊர்களில் நான் முதலில் சொன்ன இரண்டு வயதுப் பிரிவினரிடமும் வித்தியாசம் அப்படியே இருந்தது. அந்த மாதங்களில் கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். அப்போது தொடக்கப் பள்ளியை முடித்துக்கொண்டிருந்தவர்கள் கூடுதலாகப் படித்ததோடு, கூடுதலாகச் சம்பாதிக்கவும் செய்தார்கள்.

ஏன் என்று யோசித்தால் விளங்கும். 1998-ல் பன்னிரண்டு வயதுள்ள ஒரு பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். அடுத்த பள்ளி பக்கத்து ஊரில். பணம் வரும் ஊராக இருந்தால் அம்மா அனுப்பிவைத்திருப்பாள். வராத ஊராக இருந்தால் அவள் நின்றுவிடுவாள். பதினெட்டு மாதம் கழித்து அந்த ஊருக்கும் பணம் வருகிறது, ஆனால் அவளுக்குப் பதினான்கு ஆகப்போகிறது. தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், சமைக்கிறாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஏழாம் வகுப்பில் போய் உட்கார மாட்டாள். அந்தப் பணம் அவளுடைய தங்கைக்கு உதவும், அவளுக்கு உதவாது. படிப்பு அறுந்த இடம் அறுந்த இடம்தான்.

திட்டம் நாடு முழுக்கப் பரவிய பிறகு மக்கள்தொகைக் கணக்கை வைத்து சூசன் பார்க்கர், டாம் வோகல் இருவரும் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. பள்ளி வயதில் திட்டத்துக்குள் இருந்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒன்றரை வருடம் கூடுதலாகப் படித்தார்கள். வளர்ந்த பிறகு சம்பள வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கையில் ஏற்பட்ட உயர்வு குறிப்பிடத்தக்கது. பெண்கள் அதிகம் வேலைக்குப் போகாத கிராமப்புறத்தில் இது பெரிய மாற்றம்.

குறையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் கூடுதல் வருடம் இருந்தார்கள், ஆனால் அதே அளவுக்கு அங்கே கற்றுக்கொண்டதாகத் தேர்வுகள் காட்டவில்லை. பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விடலாம், உள்ளே யார் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை உதவித்தொகை மாற்றாது. படித்து முடித்தவர்களில் பலருக்கு ஊரில் வேலையும் இல்லை, வெளியூர் போக வேண்டியிருந்தது. திட்டத்தின் பலனில் ஒரு பங்கு அந்தக் கிராமங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. கிராமத்தில் மட்டும் போய் எண்ணிப் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். இந்தத் துறையில் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி ஆய்வு.

நிகராகுவாவில் 2000-ல் மெக்சிகோவைப் பார்த்து ஒரு சிறிய திட்டம் தொடங்கினார்கள். 42 ஊர்ப்பகுதிகள், குலுக்கலில் பாதி முதலில், பாதி மூன்று வருடம் கழித்து. பத்து வருடம் போய்ப் பார்த்தபோது, பள்ளியை விடும் வயதில் பணம் கிடைத்த ஆண் பிள்ளைகள் அரை வருடம் அதிகம் படித்திருந்தார்கள், கற்றதிலும் முன்னே இருந்தார்கள், வெளிவேலையில் அதிகம் சம்பாதித்தார்கள். கருவிலிருந்து இரண்டு வயதுக்குள் உதவி கிடைத்த பையன்கள், இரண்டு வயதுக்குப் பிறகு கிடைத்தவர்களைவிட அறிவுத்திறன் சோதனைகளில் மேலே இருந்தார்கள். மறுபடி அதே இரண்டு காலங்கள்.

மருத்துவ உதவி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவின் புசியா வட்டாரத்தைப் பார்க்க வேண்டும். 1998-ல் 75 தொடக்கப் பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் பிப்ரவரி மாதம் ஆசிரியர் முன்னால் மென்று சாப்பிடச் சொல்வார்களே, அதே அல்பெண்டசோல்தான் முக்கிய மருந்து. பள்ளிகளை 25, 25 ஆக மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் வெவ்வேறு வருடத்தில் தொடங்கியதால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருட மருந்து கூடுதலாகக் கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு ஆன செலவு ஒரு டாலருக்கும் குறைவு.

எட்வர்ட் மிகுவேலும், பின்னால் 2019-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரேமரும் செய்த ஆய்வு இது. பள்ளிக்கு வராமல் போவது கால் பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் நன்மை இருந்தது, மண்ணில் விழும் புழு முட்டைகள் குறைந்ததால். அப்புறம் இருபது வருடம் அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். நைரோபிக்குப் போனவர், உகாண்டாவுக்குப் போனவர், கல்யாணமாகிப் பெயர் மாறியவர் என்று ஒவ்வொருவராகத் தேடி, ஐந்தில் நால்வருக்கு மேல் கண்டுபிடித்தார்கள். கூடுதல் மருந்து கிடைத்தவர்களின் செலவழிக்கும் திறன் 14% அதிகம். மணிக்கணக்குச் சம்பாத்தியம் 13% அதிகம். விவசாயத்துக்கு வெளியே வேலை பார்க்கும் நேரமும் கூடியிருந்தது. இப்போது அவர்களுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் இறப்பது 22% குறைந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்குக் கொடுத்த மாத்திரை அடுத்த தலைமுறையின் உயிரைக் காக்கிறது.

இந்த ஆய்வின் மேல் பெரிய சண்டையே நடந்தது. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டு, பக்கத்துப் பள்ளிகளுக்குப் பரவிய நன்மையைக் கணக்கிட்டதில் பிழை இருப்பதைக் காட்டினார்கள். மற்ற நாடுகளின் சோதனைகளில் இவ்வளவு பலன் தெரியவில்லை என்ற வாதமும் இருக்கிறது. நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: புசியாவில் தொடக்கத்தில் 92% பிள்ளைகள் வயிற்றில் ஏதாவது ஒரு புழு இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் மாத்திரை ஒரு வாழ்க்கையைத் திருப்பும். பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் புழு என்ற ஊரில் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

கரைந்துபோனவற்றையும் மறைக்கக் கூடாது. வட உகாண்டாவில் 2008-ல் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து தொழில் தொடங்க ஆளுக்கு ஏறக்குறைய 380 டாலர் கொடுத்தார்கள். தையல், தச்சு, வெல்டிங். நான்கு வருடத்தில் வருமானம் 38% அதிகம். எல்லோரும் கொண்டாடினார்கள். ஒன்பது வருடத்தில் போய்ப் பார்த்தால் வருமான வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பணம் வாங்கியவர்கள் கீழே விழுந்துவிட்டார்கள் என்று சிலர் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். அவர்கள் விழவில்லை, மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அந்த நான்கைந்து வருடம் வீட்டில் நல்ல சாப்பாடு இருந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

மலாவியின் சோம்பாவில் நடந்தது கொஞ்சம் வேதனையானது. 2008, 2009 ஆகிய இரண்டு வருடமும் இளம்பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதாமாதம் பணம். ஒரு பகுதியினருக்கு எந்த நிபந்தனையும் இல்லை. பணம் வந்தவரை கல்யாணமும் கர்ப்பமும் தள்ளிப்போயின. பணம் நின்றதும் தள்ளிப்போட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிட்டன. ஏற்கெனவே பள்ளியை விட்டிருந்து, பள்ளிக்குப் போனால்தான் பணம் என்ற நிபந்தனையோடு வாங்கிய பெண்களிடம் மட்டும் மாற்றம் நிலைத்தது. படிப்பாக மாறியது நிலைத்தது, காத்திருப்பாக மட்டும் இருந்தது நிலைக்கவில்லை.

பெரியவர்களுக்குக் கொடுத்தாலே கரைந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் பக்கம் மிக மிக ஏழைப் பெண்களுக்கு 2007 முதல் மாடு, ஆடு போல ஏதாவது ஒன்றைக் கொடுத்து, சில மாதம் வாரப்பணமும் கொடுத்து, வாரம் ஒருமுறை ஆள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மேலேயே இருந்தன. ஆடு மாட்டிலேயே அவர்கள் நின்றுவிடவில்லை. அதில் வந்ததை வைத்துச் சிறு வியாபாரம், அப்புறம் பையன் வெளியூர் போய் அனுப்பும் பணம் என்று ஒன்றைப் பிடித்து ஒன்றுக்கு ஏறினார்கள். மெக்சிகோவிலும் கிடைத்த ஒவ்வொரு நூறு பெசோவிலும் 74 பெசோ செலவாக, 26 பெசோ கோழி, ஆடு, சிறுதொழில் என்று போனதாகக் கணக்கு இருக்கிறது.

வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1911 முதல் 1935 வரை, பெரும்பாலும் கணவனை இழந்த ஏழைத் தாய்மாருக்கு 'தாய்மார் ஓய்வூதியம்' என்று மாநிலங்கள் கொடுத்தன. பழைய விண்ணப்பங்களை எடுத்து, பணம் கிடைத்த வீட்டுப் பையன்களையும் மறுக்கப்பட்ட வீட்டுப் பையன்களையும் இறப்புப் பதிவு வரை ஒப்பிட்டார்கள். மறுக்கப்பட்டவர்கள் பொதுவாக ஓரளவு வசதியான வீடுகள். அப்படியிருந்தும் பணம் கிடைத்த வீட்டுப் பையன்கள்தான் சராசரியாக ஒரு வருடம் அதிகம் வாழ்ந்தார்கள்.

குடித்து அழித்துவிடுவார்கள், வேலைக்குப் போக மாட்டார்கள் என்ற பேச்சு எங்கும் வரும், உங்கள் மனதிலும் இருக்கலாம். உலக வங்கியின் டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை, சில இடங்களில் குறைந்திருந்தது. வேலை விஷயத்தில் ஆறு நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளை அபிஜித் பானர்ஜி குழுவினர் தொகுத்தபோது, பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் வேலை குறைந்தது. அது குறைய வேண்டிய இடம். கென்யாவின் சியாயா வட்டாரத்தில் 653 ஊர்களை எடுத்து, குலுக்கலில் ஏறக்குறைய பாதி ஊர்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் சுமார் 1,000 டாலர் கொடுத்தார்கள். 2025-ல் வெளிவந்த கணக்குப்படி அந்த வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 48% குறைந்தார்கள். பிரசவத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளில்தான் பலன் அதிகம். மருத்துவமனை பக்கத்தில் இருந்த இடங்களில் இன்னும் அதிகம். பணம் வந்ததும் பெண்கள் மருத்துவமனையில் பிள்ளை பெற்றார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வேலைக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெண்ணின் நினைவு வந்தது. சில வருடம் நம் வடமாவட்டக் கிராமங்களில் குடும்பக் கணக்கெடுப்பு வேலை பார்த்தேன். அவள் ஏழாம் மாதம். கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். குனிய முடியாமல், வரப்பிலிருந்து உள்பக்கமாக உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து எடுத்தாள். வீட்டில் இருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நான் நின்னா அடுப்பும் நின்னுடும்க்கா" என்றாள்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது. கர்ப்பிணி கூலி வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்கவும் நல்ல சாப்பாடு சாப்பிடவும்தான் அந்தப் பணம். கர்ப்பத்தைப் பதிவு செய்வதில் தொடங்கித் தடுப்பூசி வரை தவணைகளாகப் பிரித்திருப்பதும் சரியான யோசனை. அவளும் பதிவு செய்திருந்தாள். கணக்குப் புத்தகத்தில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தாள்.

அடுத்த சுற்றுக் கணக்கெடுப்புக்குப் போனபோது பையன் வாசல் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். பணம் வந்ததா என்று கேட்டேன். "போன மாசம்தான் மொத்தமா வந்துச்சுக்கா. அடகுல இருந்த தோட்டை மீட்டுட்டோம்" என்றாள்.

தோடு மீண்டதில் எனக்கும் சந்தோஷம்தான். அந்தப் பணம் வீணாகவில்லை. ஆனால் கடலைக்காட்டில் உட்கார்ந்து நகர்ந்த அந்த ஏழாம் மாதத்துக்கு அது போய்ச் சேரவில்லை. அதனால் இந்தத் திட்டங்களைப் பற்றிக் கேட்பவர்களிடம் தொகை எவ்வளவு என்பதற்கு முன்னால் நான் கேட்பது, முதல் தவணை எத்தனையாவது மாதத்தில் கணக்கில் ஏறியது என்பதைத்தான்.